பஞ்சப்படிக்குப் போராடிய தலைமுறையின் முதுமை: திருப்பூர் பனியன் தொழிலாளரும் ஓய்வூதிய உரிமையும்

1984ஆம் ஆண்டில் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அன்று இருபது வயதில் அப்போராட்டத்தில் நின்றோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். ராயபுரத்தின் லைன் வீடுகளில் அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பலரை நாங்கள் சந்திக்கிறோம். கட்டிங் மேசையில் நின்றே முதுகு வளைந்தவர்கள், ஓவர்லாக் இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் அமர்ந்தவர்கள், கைமடித்தும் பிசிறு வெட்டியும் செக்கிங் பார்த்தும் கண்ணொளி மங்கிய பெண்கள். கம்பெனிகளில் இவர்களுக்கு இனி வேலையில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலோ இவர்களுக்கு வேறொரு பெயர் இருக்கிறது: ஆதரவற்ற முதியோர்.

இந்தப் பெயரில் எங்களுக்கு உடன்பாடில்லை. நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓர் ஏற்றுமதி நகரத்தை எழுப்பியவர் முதுமையில் பெறும் தொகை, அவருக்கு அன்றே தரப்பட்டிருக்க வேண்டிய ஊதியத்தின் ஒரு பகுதி. வருங்கால வைப்புநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகிய மூன்றும் சட்டத்தின் பார்வையில் ஒத்திவைக்கப்பட்ட ஊதியமே. அந்த ஊதியம் ஏன் இவர்கள் கைக்கு வரவில்லை என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஆவணங்களில் போய் முடிகிறது. யாருடைய உழைப்பு பதிவேட்டில் ஏறியது, யாருடையது ஏறவில்லை என்பதைத் திருப்பூரில் பெருமளவு சாதியே தீர்மானித்திருக்கிறது.

பதிவேட்டில் ஏறாத உழைப்பு

திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 16 விழுக்காடு என்பது 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அருந்ததியர், பறையர், தேவேந்திரகுல வேளாளர் ஆகியோர் இதில் அடங்குவர். பனியன் தொழிலின் வரலாற்றை எழுதிய ஷரத் சாரி, 2004இல் வெளியான தமது நூலில், கவுண்டர் சமூகத்துச் சிறு உழவர்கள் தொழிலாளராக நுழைந்து முதலாளிகளாக உயர்ந்த பாதையை விரிவாகக் காட்டுகிறார். உழைப்பால் உயர்ந்தோம் என்பது அந்த முதலாளிகள் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. தலித் மக்களும் உழைத்தார்கள். ஆனால் அந்த ஏணியில் அவர்களுக்குப் படி இருக்கவில்லை. 1984 போராட்டத்திற்குப் பிந்தைய ஆண்டுகளில் உற்பத்தி சிறு அலகுகளாகவும் ஜாப் ஒர்க்காகவும் காண்ட்ராக்டர் முறையாகவும் சிதறிப்போனதையும் அவரது ஆய்வு பேசுகிறது. முதுமையின் ஓய்வூதியக் கணக்கை அந்தச் சிதறல்தான் சிக்கலாக்கியது.

கோயம்புத்தூர் – திருப்பூர் பகுதிக் கிராமங்களை 1981–82 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆய்ந்த ஜூடித் ஹேயர், சுற்றிலும் தொழில் வளர்ந்தபோதும் தலித் குடும்பங்கள் நெடுங்காலம் பண்ணை வேலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டதைப் பதிவுசெய்துள்ளார். கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவ் ஆகியோரின் ஆய்வு மற்றொன்றைக் காட்டுகிறது: விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் பெற்ற தலித் தொழிலாளர்கள் அக்கடனாலேயே கட்டுண்டு கிடந்தனர்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ராயபுரத்தில் குடியேறிய ஒரு தலித் முதியவரின் உழைப்பு வரலாறு தெளிவாகிறது. முதல் பதினைந்து ஆண்டுகள் பண்ணையாள்; அதற்குப் பதிவேடே கிடையாது. அடுத்து விசைத்தறி அல்லது சாயப்பட்டறை. அங்கே இருந்தது முன்பணக் கணக்கு நோட்டு மட்டுமே. பனியன் கம்பெனிக்கு வரும்போது வயது நாற்பதை நெருங்கியிருக்கும். அங்கும் காண்ட்ராக்டரின் ஆளாக, பீஸ் ரேட்டில் வேலை. தீபாவளிக்குக் கணக்கு முடித்துவிட்டு அடுத்த கம்பெனி. பிழைப்புக்காக நகர்ந்துகொண்டே இருந்த ஒருவரிடம், ‘ஒரே நிறுவனத்தில் தொடர்ச்சியாகப் பணியாற்றினீரா’ என்று சட்டம் கேட்கிறது.

வைப்புநிதி: பத்தாண்டு என்னும் கதவு

1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, பத்தாண்டு பணிக்காலம் உள்ள உறுப்பினர் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறலாம். முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து ஊதியத்தின் 8.33 விழுக்காடு இத்திட்டத்திற்குச் செல்கிறது. கணக்கு எளியது: சராசரி ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். சராசரி ஊதியம் 10,000 ரூபாய், பணிக்காலம் 12 ஆண்டு எனில் மாதம் சுமார் 1,714 ரூபாய் வரும். 2014 செப்டம்பர் 1 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். இத்தொகை மிகச் சிறியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இது வருமானச் சான்றோ வறுமைச் சான்றோ கேட்காமல், மகன் இருக்கிறானா என்று விசாரிக்காமல் வரும் தொகை. உரிமைக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

திருப்பூர்த் தொழிலாளர்கள் இந்தக் கதவை இழப்பது எப்படி? கம்பெனி மாறும்போதெல்லாம் ‘பி.எஃப். பணத்தை எடுத்துக்கொள்’ என்று காண்ட்ராக்டரே படிவத்தில் கையொப்பம் வாங்கிவிடுவார். படிவம் 19 சேமிப்பை எடுப்பதற்கு. படிவம் 10சி ஓய்வூதியப் பங்கை எடுப்பதற்கு. இரண்டாவதில் கையொப்பமிட்டுப் பணம் பெற்றவுடன் அதுவரையிலான பணிக்காலம் அழிந்துவிடுகிறது. நான்காண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என மூன்று கம்பெனிகளில் உழைத்தவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில ஆயிரங்களை எடுத்ததால் அவர் கையில் எஞ்சுவது சுழியம். மகளின் பூப்புச் சடங்குக்கோ மருத்துவமனைச் செலவுக்கோ அந்தச் சில ஆயிரம் அன்று தேவைப்பட்டிருக்கும். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதே படிவத்தில் பணத்திற்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் பெற்றுப் பணிக்காலத்தைக் காத்துக்கொள்ளும் வழி இருந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இன்னும் பணத்தை எடுக்காதவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள காலம் ஓராண்டாகக் கணக்கிடப்படுவதால், ஒன்பதரை ஆண்டு உள்ளவரும் பத்தாண்டுத் தகுதி பெறுகிறார். அனைத்துக் கணக்குகளையும் ஒன்றிணைக்கும் யு.ஏ.என். எண் வந்தது 2014இல்தான்; அதற்கு முந்தைய பழைய எண்கள் தனித்தனியே கிடக்கின்றன. பழைய சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, கம்பெனி அடையாள அட்டை ஆகியவற்றைக் கொண்டு அவற்றைத் தேடி இணைக்க முடியும். ஐம்பது வயதிலிருந்தே குறைந்த ஓய்வூதியம் பெறலாம் என்றாலும், 58க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். பணியிலிருக்கும்போதே இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலே அவரது துணைவருக்கு ஓய்வூதியம் உண்டு. ராயபுரத்தில் இது தெரியாமலே பதினைந்து ஆண்டுகளாக வாழும் கைம்பெண்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கம்பெனி மூடப்பட்டிருந்தால் என்ன செய்வது? ஒரு முதியவர் எங்களிடம் சொன்னார்: “கம்பெனி பேரு நெனப்பிருக்குதுங்க, கம்பெனிதான் இல்லீங்க.” பிடித்தம் செய்யப்பட்டும் செலுத்தப்படாத சந்தாவுக்கு வைப்புநிதிச் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் விசாரணை கோரலாம். காண்ட்ராக்டர் மறைந்துபோனாலும் முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு மறைவதில்லை. இவ்வழக்குகளில் எங்களுக்கு மிக வலுவான சான்றாக அமைவது உடன் வேலைசெய்தோரின் வாக்குமூலமும், என்றோ தகரப் பெட்டியில் போட்டுவைத்த இ.எஸ்.ஐ. அட்டையுமே.

பணிக்கொடை பற்றிச் சுருக்கமாக. ஐந்தாண்டு தொடர்பணிக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. பீஸ் ரேட் தொழிலாளருக்கும் இது பொருந்தும். கடைசி மூன்று மாதச் சராசரியே அவர்களது ஊதியமாகக் கொள்ளப்படும். அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திற்குள் சென்றுவிட்டது. பழைய சட்டத்தின்கீழ் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட உரிமை அதனால் அழிவதில்லை.

வாரியம்: போராடிப் பெற்றது

வைப்புநிதி எட்டாதவர்களுக்கான நல வாரியங்கள் யாருடைய கொடையும் அல்ல. தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. அதை ஏட்டிலிருந்து இறக்கிக் கட்டுமானத் தொழிலாளருக்கு வாரியம் பெற்றுத் தர ஆர். கீதா உள்ளிட்டோரும் கட்டடத் தொழிலாளர் சங்கங்களும் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான தேசியப் பரப்புரைக் குழு அக்கோரிக்கையை நாடு முழுவதும் கொண்டுசென்றது. 1996இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன் பின்னரே தையல், விசைத்தறி, தூய்மைப் பணி என்று வெவ்வேறு தொழில்களுக்கான வாரியங்கள் தமிழ்நாட்டில் பெருகின.

இவ்வாரியங்களில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 60 நிறைந்ததும் ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கலாம். அறுபதைத் தாண்டியவர் புதிதாகச் சேர இயலாது. ஆகவே முதியோருக்கான வாரியப் பணியை ஐம்பது வயதிலேயே தொடங்கியாக வேண்டும். வீட்டிலிருந்தே காஜா, பட்டன் வேலை செய்யும் பெண்கள் தங்களைத் தொழிலாளர் என்றே எண்ணுவதில்லை என்பதுதான் எங்கள் பகுதியின் பெரிய தடை.

உதவித்தொகையும் ‘மகன் இருக்கிறான்’ என்னும் மறுப்பும்

மேற்கண்ட இரண்டும் கிட்டாதவர்க்கு எஞ்சுவது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் இது 1962இல் தொடங்கியது. 1995 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசும் இதில் பங்கேற்கிறது. மாநிலத்தில் 2011இல் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் தொகை உயர்ந்தது. மத்திய அரசின் பங்கோ 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய். அது 2006இல் நிர்ணயித்த தொகை. அன்று பிறந்த குழந்தைக்கு இன்று வாக்குரிமை வந்துவிட்டது. எண்பதைக் கடந்தோருக்கு 500 ரூபாய். இந்நிலையில்தான் அருணா ராயும் பாபா ஆதவும் 2012இல் தொடங்கிய பென்ஷன் பரிஷத், குறைந்தபட்ச ஊதியத்தில் பாதியை அனைவருக்குமான ஓய்வூதியமாக வழங்கக் கோரியது. வறுமைச் சான்று கேட்காத ஓய்வூதியம் என்னும் அந்தக் கோரிக்கையை நாங்களும் ஏற்கிறோம்.

உச்ச நீதிமன்றம் உணவுரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணையில், முதியோர் ஓய்வூதியத்தை ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் வழங்க வேண்டும் என்றது. 2018 டிசம்பர் 13 அன்று அஸ்வனி குமார் வழக்கில் முதியோரின் உரிமைகள் அரசமைப்பின் 21ஆம் கூறுக்குள் அடங்கும் என்று கூறி, ஓய்வூதியத் தொகையை மீளாய்வு செய்யுமாறு மத்திய அரசைப் பணித்தது. அரசமைப்பின் 41ஆம் கூறு முதுமைக்கால அரசு உதவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

நடைமுறையில் எங்களிடம் வரும் மறுப்பாணைகளில் அடிக்கடி காணப்படும் வரி, ‘மகன் பராமரிப்பில் உள்ளார்’ என்பது. அந்த மகன் வாரத்திற்கு மூன்று ஷிஃப்ட் மட்டும் கிடைக்கும் பவர் டேபிள் தொழிலாளியாக இருப்பார். வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அவர் தலையில் இருக்கும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ (2007) இதே மகனிடம் ஜீவனாம்சம் கேட்கச் சொல்கிறது. கோட்ட அளவிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை ஆணையிடலாம். வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர்க்கு இச்சட்டம் நல்ல கருவி. வறிய குடும்பத்தில் அது அரசின் கடமையைப் பீஸ் ரேட் தொழிலாளியின் தோளுக்கு மாற்றிவிடுகிறது. மாவட்டத்திற்கு ஒன்றாக, குறைந்தது 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அமைப்பது பற்றி அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு பேசுகிறது. அங்கே சட்டம் கையாளும் சொல் ‘அமைக்கலாம்’. மகனுக்குக் கட்டாயம், அரசுக்கு விருப்பம்.

இச்சட்டத்தில் தலித் முதியோர் தவறாமல் அறிந்திருக்க வேண்டியது 23ஆம் பிரிவு. ஆதிதிராவிடர் நலத்துறை வழி வந்த வீட்டுமனைப் பட்டாவே பல குடும்பங்களின் ஒரே சொத்து. அதைப் பிள்ளைக்குத் தானமாக எழுதிக் கொடுத்தபின் சோறும் மருந்தும் மறுக்கப்பட்டால், அந்த ஆவணத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். பராமரிப்பு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் சட்டத்தின் நோக்கத்தையொட்டித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அன்பின் பேரில் எழுதப்பட்ட ஆவணத்தில் அந்நிபந்தனை உள்ளுறையாகவே இருக்கிறது என்ற பார்வையைச் சென்னை உயர் நீதிமன்றமும் அவ்வாண்டு ஏற்றது. ஆயினும் எழுதிக் கொடுக்குமுன் ‘என்னை இறுதிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி ஆவண எழுத்தரிடம் வற்புறுத்துங்கள்.

அறுபது யாருடைய அறுபது

வீட்டில் பிறந்து, பள்ளியைப் பாதியில் விட்டவர்களின் வயது ஆதாரில் ஜனவரி 1 என்று மொத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டும் பெரும்பாலும் ஊகமே. ஐந்து வயது குறைத்து எழுதப்பட்டவர் ஐந்தாண்டு ஓய்வூதியத்தை இழக்கிறார். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 24 அன்று சரோஜ் வழக்கில் கூறியிருப்பதை இத்தகைய முறையீடுகளில் நாங்கள் பயன்படுத்துகிறோம். வேறு சான்று இல்லாதபோது அரசு மருத்துவரின் வயதுச் சான்றைக் கோரலாம். ப்ளீச்சிங்கிலும் துணியிலும் தேய்ந்துபோன விரல்களின் ரேகை இயந்திரத்தில் பதியாவிட்டால், அதைக் காரணமாக்கி உதவித்தொகையை மறுக்கக் கூடாது. ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் இதற்கான விதிவிலக்கு முறையைச் சுற்றறிக்கையாக வெளியிட்டுள்ளது.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. ஒன்பது மாநிலத் தரவுகளைக் கொண்டு சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித் மக்களின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்றாண்டுக்கும் மேல் குறைவு என்று காட்டியது. பொருளாதார நிலையைச் சமப்படுத்திப் பார்த்தும் இடைவெளி முழுவதும் மறையவில்லை. அவற்றில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பண்ணையிலும் சாயத்திலும் வளர்ந்த உடலுக்கு முதுமை எப்போது வருகிறது என்பதை ராயபுரத்தில் எவரும் கண்ணால் காணலாம். அனைவருக்கும் ஒரே அறுபது என்பது சமமாகத் தோன்றும் வரம்பு. முன்னதாக இறப்போர் கட்டிய உழைப்பை அது பின்னதாக இறப்போருக்கு மாற்றித் தருகிறது. தூய்மைப் பணியாளர், சாயத் தொழிலாளர், பண்ணைத் தொழிலாளர் ஆகியோருக்கு ஓய்வூதிய வயதை 55ஆகக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

தெருவில் செய்யக்கூடியது

சமூக அமைப்புகள் முதியோருக்கு ஆண்டுக்கொரு முறை போர்வையும் அன்னதானமும் தருகின்றன. நல்லதுதான். ஆனால் அதே மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும் போட்டால் விளைவு வேறாக இருக்கும். ஐம்பது வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு: வேலைசெய்த கம்பெனிகளின் பெயர், ஆண்டு, காண்ட்ராக்டர் பெயர், உடன் வேலைசெய்த இருவரின் பெயர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், வாரிய அட்டை, வயதுச் சான்று. நினைவு மங்குமுன் எழுதிவைக்க வேண்டியவை இவை.

விண்ணப்பம் இ–சேவை மையத்தில் தள்ளுபடியானால் குறுஞ்செய்தியோடு நின்றுவிடாமல், காரணம் எழுதிய ஆணையைத் தனி வட்டாட்சியரிடம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதன்பின் வருவாய்க் கோட்டாட்சியரிடமும், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் முறையிடலாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தொலைபேசி எண் 15100. முதியோர் உதவி எண் 14567.

வைப்புநிதி நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது. ராயபுரத்திலிருந்து பத்துப் பேர் ஒரே கம்பெனியின் பெயரோடு சேர்ந்து போனால், தனியொருவருக்குக் கிடைக்காத கவனம் கிடைக்கிறது என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். போகும்போது இ.எஸ்.ஐ. பற்றியும் விசாரியுங்கள்: ஐந்தாண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் அவரும் அவரது துணைவரும் தொடர்ந்து மருத்துவம் பெறலாம். கம்பெனி தரும் ஓய்வுச் சான்று இதற்குத் தேவை. வேலையைவிட்டு நிற்கும் அன்றே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.